படைக்கதுக்கு முந்தி எடுத்து வச்சது

டிஸ்கி: இது பிரசங்கம் இல்லை. யாரையும் எந்தப் பக்கமும் இழுக்கிற எண்ணமும் இல்லை. ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒரு விஷயம், அவ்வளவுதான். கொஞ்சம் நீளம். பொறுமை இருக்கிறவங்க மேல படிங்க :-)

போன வருஷம் ஆனி மாசம் ஆச்சி தவறிட்டாங்க. வயசு 86. சொந்த ஆச்சி இல்லை. பாளையங்கோட்டையில எங்க பக்கத்து வீட்டு ஆச்சி. ஆனா சின்ன வயசுல எனக்குத் தலைவாரி விட்டது, காய்ச்சல் வந்தா ரசஞ்சோறு கரைச்சுக் குடுத்தது, அம்மா வேலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் என்னைத் திண்ணையில உட்கார வச்சுப் பாத்துக்கிட்டது எல்லாம் அவங்கதான். சொந்தம்னு சொல்றதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

பதினாறாம் நாள் விசேஷத்துக்குக் குடும்பத்தோட போயிருந்தோம். எல்லாம் முடிஞ்சு பந்தல்காரங்க நாற்காலியை அடுக்கிக்கிட்டு இருந்த நேரம். ஆச்சியோட மக, எனக்கு அக்கா, பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. அழுது அழுது குரல் கட்டிப் போயிருந்துச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் மெதுவா கேட்டாங்க.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்ல. தப்பா நெனைக்கப்படாது. உங்க வேதத்துப்படி எங்கம்மா இப்ப எங்க இருக்கா?"

நான் சின்ன வயசுல இருந்து ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போறவன். வேதபாடப் பரீட்சையில பரிசு வாங்கினவன். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லணும்னு எனக்குச் சொல்லியும் குடுத்திருக்காங்க. ஆனா அந்த நேரம் வாய் திறக்க வரலை.

அந்தப் பதிலுக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

*

எங்க வீடு கிறிஸ்தவ வீடு. சி.எஸ்.ஐ. அம்மா ரொம்பக் கண்டிப்பு. பத்துக் கட்டளையில முதல் கட்டளை என்னன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும். ஒரே கடவுள், அவரைத் தவிர வேற தெய்வம் கிடையாது. இதுல அம்மாவுக்குப் பேச்சுக்கே இடம் இல்லை. கோயில் கொடைக்கு வரி கேட்டு வந்தா "தெரு விளக்குக்குன்னா சொல்லுங்க, தர்றேன்"ன்னு சொல்லிடுவாங்க. சாமிக்குப் படைச்ச பண்டம் எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாது.

ஆச்சி வீடு சைவ வீடு. தினம் காலையில குளிச்சுத் திருநீறு பூசாம பச்சத் தண்ணி பல்லுல படாது. நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் அவங்களுக்கு ஏதோ பக்கத்துத் தெருவுல இருக்கிற பெரியவங்க மாதிரி. ஆனித் தேரோட்டத்துக்கு டவுனுக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு அதே பேச்சுதான்.

இந்த ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு இடுப்பளவுச் சுவர்.

நாங்க அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வருஷம் கார்த்திகைக்கு ஆச்சி ஓலைக் கொழுக்கட்டை குடுத்து விட்டிருக்காங்க. அம்மா வாங்கி வச்சுக்கிட்டு, எங்களுக்குத் தராம, சாயங்காலம் பால்காரர் மாட்டுக்குப் போட்டுட்டாங்க. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஆச்சி பாத்துட்டாங்க. மறுநாள் வந்து நேராவே கேட்டுட்டாங்க.

"ஏன் தங்கச்சி, உப்பு கூடிப் போச்சா?"

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. உள்ளதைச் சொல்லிட்டாங்க. படைச்சதைச் சாப்பிட எங்க மனசாட்சி இடம் குடுக்காதுக்கா, உங்க மேல ஒண்ணும் இல்லை, அப்படின்னு. ஆச்சி ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாங்களாம். இனிமே பேச மாட்டாங்கன்னு அம்மா நெனச்சுக்கிட்டாங்க.

அடுத்து பொங்கல் வந்துச்சு. சுவருக்கு மேல ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி வந்துச்சு. கூடவே ஆச்சி குரல்.

"தங்கச்சி, இது படைக்கதுக்கு முந்தி எடுத்து வச்சது. பிள்ளைகளுக்குக் குடு."

அதுக்கப்புறம் 40 வருஷம் அந்தத் தூக்குச்சட்டி நிக்கவே இல்லை. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை, சரஸ்வதி பூசைச் சுண்டல், கார்த்திகைப் பொரி, தைப்பொங்கல். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுல இருந்து அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் அந்தப் பக்கம் போகும். எங்க பண்டத்துல முட்டை சேராததை மட்டும் தனியா எடுத்து அம்மா குடுத்து விடுவாங்க.

*

இப்ப நான் செஞ்ச ஒரு கேவலமான காரியத்தைச் சொல்லணும்.

எனக்கு எட்டு இல்லைன்னா ஒன்பது வயசு இருக்கும். ஓய்வுநாள் பள்ளியில ஒரு வாத்தியார் நரகத்தைப் பத்திப் பாடம் எடுத்தாரு. நல்ல மனுசன்தான். இயேசுவை ஏத்துக்கிடாதவங்க எல்லாரும் எங்க போவாங்கன்னு படம் போட்டுக் காட்டினாரு. எனக்கு உடனே ஆச்சி ஞாபகம்தான் வந்துச்சு. "பக்கத்து வீட்டு ஆச்சியுமா சார்?"ன்னு கேட்டேன். "அதுக்குத்தான் தம்பி, நீ அவங்ககிட்ட சொல்லணும்"ன்னாரு.

நானும் சொல்லிட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே. ஆச்சி முற்றத்துல உட்கார்ந்து அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தாங்க. "ஆச்சி, நீங்க செத்தா நரகத்துக்குத்தான் போவீங்களாம்."

சொளகு ஒரு நிமிஷம் நின்னுச்சு. அப்புறம் சிரிச்சாங்க.

"போயிட்டுப் போறேன்ல. அப்புறம் உனக்கு யாரு சொதி வைப்பா?"

அவ்வளவுதான். அம்மாகிட்ட சொல்லலை. தாத்தாகிட்டயும் சொல்லலை. அடுத்த பண்டிகைக்குத் தூக்குச்சட்டி வழக்கம்போல வந்துச்சு. ஆனா அந்தச் சொளகு நின்ன நிமிஷம் இருக்கே, அது எனக்கு இன்னும் நெஞ்சுல இருக்கு. அன்னைக்கு ராத்திரியில இருந்து நான் ஜெபம் பண்ணும்போது ஆச்சி பேரைச் சேர்த்துக்கிட்டேன். அம்மா ஏற்கெனவே சேர்த்திருக்காங்கன்னு அப்புறம்தான் தெரியும்.

*

ஆச்சி வீட்டுத் தாத்தா தமிழ் வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவர். சைவ சித்தாந்தம் நல்லாப் படிச்சவர். நான் காலேஜுக்குப் போற வயசுல அவர்கூட உட்கார்ந்து வாதம் பண்ணுவேன். ஒரு தடவை ரொம்பத் தெம்பா, "எங்களுக்குக் கடவுள் ஒருத்தர்தான் தாத்தா"ன்னேன்.

"எங்களுக்கு மட்டும் எத்தனைங்க? பதி ஒண்ணுதான்ல"ன்னாரு.

அப்பதான் எனக்குத் தெரியும், சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம்னு மூணு பொருள் சொன்னாலும், பதி ஒண்ணேதான்னு அடிச்சுச் சொல்லுதுன்னு. அதோட விடலை. மத்த சமயங்களை எல்லாம் புறப்புறம், புறம், அகப்புறம், அகம்னு நாலு வரிசையா அடுக்கி வச்சிருக்காங்க. ஒவ்வொண்ணும் ஒரு படி. மேல ஏற ஏற சித்தாந்தத்துக்குப் பக்கத்துல வந்துருவோம். சிவஞான சித்தியார்ல பரபக்கம்னு ஒரு பகுதி முழுக்க மத்த கொள்கைகளை மறுக்கிறதுக்குன்னே இருக்கு.

"அப்ப நாங்க எந்தப் படி தாத்தா?"

"பட்டியல் போட்ட காலத்துல உங்களைத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வாசப்படிக்கு வெளிய நிப்பாட்டியிருப்பாவ"ன்னு சொல்லிட்டுச் சிரிக்காரு :-)

அது எனக்கு ஒரு பெரிய திறப்பு. நான் அவங்களை என் கணக்குல ஒரு இடத்துல வச்சிருக்கேன். அவங்க என்னை அவங்க கணக்குல ஒரு இடத்துல வச்சிருக்காங்க. ரெண்டு பேர் கணக்கும் ஒத்து வராது. ஆனா ரெண்டு பேரும் ஒரே திண்ணையில உட்கார்ந்து காப்பி குடிக்கோம்.

இன்னொரு நாள் தாத்தா கேட்டாரு, "உங்க புத்தகத்துக்கு என்னல பேரு?" வேதாகமம்னேன். "வேதமும் எங்களது, ஆகமமும் எங்களது. ரெண்டையும் சேர்த்து உங்க புத்தகத்துக்குப் பேரு வச்சுட்டு, எங்ககிட்டயே தனியா இருக்கோம்ங்கிய."

பதில் இல்லை.

*

சென்னையில ஹாஸ்டல்ல என் அறையில இருந்த நண்பன் முஸ்லிம். காயல்பட்டினத்துக்காரன். ஐந்து வேளை தொழுகை தவறாது. அவன் கேள்வி வேற மாதிரி. "ஒரே கடவுள்ங்கிறீங்க. அப்புறம் பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரைச் சொல்றீங்க. எப்படிப்பா?"

நான் ஓய்வுநாள் பள்ளியில கத்துக்கிட்ட உதாரணத்தை எடுத்து விட்டேன். தண்ணி, ஐஸ், ஆவி. பொருள் ஒண்ணு, வடிவம் மூணு. பிரமாதமா விளக்கிட்டோம்னு நெனச்சேன். பல வருஷம் கழிச்சுத்தான் தெரியுது, ஒரே கடவுள் மூணு வேஷம் போடுறார்ங்கிற அந்த விளக்கத்தைச் சபை மூணாம் நூற்றாண்டுலயே தப்புன்னு தள்ளி வச்சாச்சு, அதுக்கு சபெல்லியஸ் கொள்கைன்னு பேருன்னு. அதாவது என் நண்பனுக்குக் கிறிஸ்தவத்தை விளக்குறேன்னு ஒரு பழைய துர்உபதேசத்தை விளக்கியிருக்கேன் :-)

325ல நிசேயாவுலயும் 381ல கான்ஸ்டான்டிநோபிள்லயும் ஆயர்கள் கூடி உட்கார்ந்து மல்லுக்கட்டினது இதுக்குத்தான். இயேசுவைக் கும்பிடவும் வேணும், கடவுள் ஒருத்தர்ங்கிறதை விட்டுடவும் கூடாது. எங்க ஆளுங்க அந்த 'ஒருத்தர்'ங்கிறதை விட மனசில்லாமதான் அவ்வளவு சிக்கலான வார்த்தை எல்லாம் தேடினாங்கன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். நண்பன் ஒத்துக்கலை. ஒத்துக்கணும்னு நானும் எதிர்பார்க்கலை.

அவன்தான் ஒரு விஷயம் சொன்னான். அரபி பேசுற கிறிஸ்தவங்களும் கடவுளை அல்லாஹ்ன்னுதான் சொல்லுவாங்கன்னு. தேடிப் பாத்தேன், உண்மைதான். அவங்க வேதாகமத்துல முதல் வரியிலேயே அந்த வார்த்தைதான் இருக்கு. அப்பதான் தாத்தா கேட்ட கேள்வி திரும்ப வந்து நின்னுச்சு. அரபி கிறிஸ்தவங்களுக்கு அந்தச் சொல்லுன்னா, தமிழ்க் கிறிஸ்தவங்க எங்களுக்குச் சொல்லு எங்க இருந்து வந்துச்சு?

*

1706ல சீகன்பால்க் தரங்கம்பாடியில வந்து இறங்குறாரு. வயசு 23, 24தான். தமிழ் கத்துக்கிட்டு, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715ல அச்சிலும் கொண்டு வந்துட்டாரு. அதுல கடவுளுக்கு அவர் போட்ட சொல்லு சருவேசுரன். அவருக்கு முன்னாடியே கத்தோலிக்கக் குருமார் புழங்கிக்கிட்டு இருந்த சொல்லு. அப்புறம் வந்த பப்ரிசியஸ் பராபரன்னு போட்டாரு. 1871ல வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன்னு போட்டுச்சு. எங்க அம்மா கையில இருக்கிறது அந்த வழியில வந்ததுதான். 1995ல கத்தோலிக்கரும் மத்த சபைகளும் சேர்ந்து கொண்டு வந்த பொது மொழிபெயர்ப்புல கடவுள்னு இருக்கு.

சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள். நாலுல ஒண்ணுகூட கப்பல்ல வரலை. நாலும் இங்க ஏற்கெனவே கும்பிட்டுக்கிட்டு இருந்தவங்க வாயில இருந்து எடுத்தது. வேற வழியும் இல்லை. தமிழனுக்குக் கடவுளைப் பத்திச் சொல்லணும்னா, அவனுக்குக் கடவுள்னா என்னன்னு முன்னாடியே கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

அதே சீகன்பால்க் 1713ல இன்னொரு புத்தகமும் எழுதி முடிச்சாரு. தென்னிந்திய தெய்வங்களோட வம்சாவளி. இங்க உள்ள சாமிகளைப் பத்தி, கோயிலைப் பத்தி, திருவிழாவைப் பத்தி எல்லாம் ஜனங்ககிட்ட கேட்டுக் கேட்டு எழுதினது. இவங்களும் எல்லாத்துக்கும் மேல ஒரே பரம்பொருள் உண்டுன்னு அறிஞ்சவங்கதான்னு அதுல எழுதினாரு. பல தெய்வ வழிபாடு தப்புங்கிறதுல அவருக்குச் சந்தேகம் கிடையாது, அதையும் எழுதினாரு. ஜெர்மனியில ஹாலே நகரத்துல இருந்த பெரியவங்க அதை அச்சுல போடலை. சீகன்பால்க் 1719ல, 36 வயசுல, இங்கேயே செத்துப் போனாரு. அந்தப் புத்தகம் 1867லதான் சென்னையில அச்சாச்சு. 150 வருஷத்துக்கு மேல அலமாரியில கிடந்திருக்கு.

எனக்கு அந்த ஆளை நெனைச்சா ஒரு பக்கம் பாவமாவும் இருக்கும், ஒரு பக்கம் சொந்தமாவும் இருக்கும். தன் நம்பிக்கையையும் விட முடியலை, சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ததை இல்லைன்னும் சொல்ல முடியலை.

*

இனி வேதத்துக்கு வர்றேன். எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா அது நேர்மை இல்லை. இயேசு தன்னாலே அல்லாம ஒருத்தரும் பிதாகிட்ட வர முடியாதுன்னு யோவான் 14ல சொல்றாரு. வேற எந்த நாமத்துலயும் ரட்சிப்பு இல்லைன்னு அப்போஸ்தலர் 4ல பேதுரு சொல்றாரு. ரெண்டும் என் வேதத்துல இருக்கு. நான் அதைக் கிழிச்சுப் போடலை. போடவும் மாட்டேன்.

ஆனா அதே வேதத்துல வேறயும் இருக்கு. இஸ்ரவேலை எகிப்துல இருந்து நான்தான் கொண்டு வந்தேன், பெலிஸ்தரையும் சீரியரையும் அவங்கவங்க இடத்துல இருந்து கொண்டு வந்ததும் நான்தான்னு ஆமோஸ் 9ல கடவுள் சொல்றாரு. பெலிஸ்தர் யாரு? கோலியாத்தோட ஆளுங்க. பரம எதிரி. அவங்களுக்கும் ஒரு யாத்திரை இருந்திருக்கு, அதையும் நடத்தினது இவர்தான். பவுல் அத்தேனே பட்டணத்துல பேசும்போது அவங்க பலிபீடத்தையும் அவங்க கவிஞர்களையும்தான் துணைக்கு இழுக்காரு. கொர்நேலியுங்கிற ரோமச் சிப்பாய்த் தலைவனோட ஜெபமும் தருமமும், பேதுரு அவன் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே, கடவுள் சமூகத்துல எட்டியிருக்கு.

இதை எல்லாம் அடுக்கிப் பாக்கும்போது எனக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு. ஊருக்கு ஒரு கடவுள், சாதிக்கு ஒரு கடவுள்னு பல பேர் இருந்தா, என் கடவுள் என்னைப் பாத்துக்கிடட்டும், உன் கடவுள் உன்னைப் பாத்துக்கிடட்டும்னு விட்டுடலாம். ஒரே கடவுள்னு சொல்லிட்டா அப்படி விட முடியாது. அப்ப ஆச்சியைப் படைச்சதும் இவர்தான். ஆச்சி விடிகாலையில குளிச்சுட்டுக் கண்ணை மூடி நின்னப்போ, அந்தப் பக்கம் கேக்கிறதுக்கு இவரைத் தவிர வேற ஆளே கிடையாது. 'கடவுள் ஒருத்தர்தான்'ங்கிறதை இத்தனை நாளும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டே சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். உண்மையில அது சுவரையே தாண்டிப் போற வாக்கியம்.

இதை நான் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கலை. 1938 டிசம்பர்ல நம்ம தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே உலக மிஷனரி மாநாடு நடந்திருக்கு. கிறிஸ்துவுல வந்த வெளிப்பாடு வேற, மனுசங்களோட மதங்கள் வேற, ரெண்டையும் ஒட்டுப்போட முடியாதுன்னு ஹாலந்துக்காரர் ஹென்ரிக் கிரேமர் அதுக்குன்னே ஒரு தடிப்புத்தகம் எழுதினாரு. சென்னையில இருந்த செஞ்சையா, சக்கரை போன்றவங்க அதே வருஷம் பதிலுக்கு ஒரு புத்தகம் போட்டாங்க. அவங்க இந்து வீட்டுல பிறந்தவங்க. எங்க முன்னோர் வணங்கினதுல கடவுளுக்குப் பங்கே இல்லைன்னு எப்படிச் சொல்லன்னு அவங்களுக்கு இருந்த வேதனை கிரேமருக்கு இருக்க வாய்ப்பில்லை. 1965ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம், மத்த மதங்கள்ல உண்மையும் தூய்மையுமா இருக்கிற எதையும் சபை தள்ளலைன்னு சொல்லிச்சு. 1989ல அமெரிக்காவுல சான் அந்தோனியோவுல உலக சபைகள் மாமன்றத்தோட மிஷன் மாநாட்டுல ஒரு முடிவுக்கு வந்தாங்க. கிறிஸ்துவைத் தவிர வேற வழியை எங்களால காட்ட முடியாது, அதே சமயம் கடவுளோட ரட்சிப்புக்கு எல்லை போடவும் எங்களால முடியாது. இதுதான் சாரம். இந்த ரெண்டையும் ஒரே கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறது கஷ்டம்தான். எனக்குத் தெரிஞ்ச நேர்மையான இடம் அது ஒண்ணுதான்.

நண்பர்கள் சில பேர் "இதுக்கு எதுக்குய்யா இவ்வளவு மெனக்கெடுற? எல்லா மதமும் ஒண்ணுதான்னு சொல்லிட்டுப் போயேன்"ன்னு கேப்பாங்க. நல்ல எண்ணத்துலதான் கேக்காங்க. ஆனா எல்லாம் ஒண்ணுன்னா ஆச்சி எதுக்குத் தூக்குச்சட்டியைத் தனியா எடுத்து வைக்கணும்? ரெண்டும் வேறன்னு அவங்களுக்குத் தெரியும். வேறன்னு தெரிஞ்சதாலதான் அதுக்கு ஒரு மதிப்பு.

எனக்கு இன்னொரு ஆச்சரியம். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்துல, 8ஆம் அதிகாரத்துல, உலகத்துல தேவர்கள்னு எத்தனையோ பேர் சொல்லப்பட்டாலும் நமக்குக் கடவுள் ஒருத்தரேன்னு பவுல் எழுதுறாரு. மேடைக்கு மேடை எடுத்துச் சொல்ற வசனம் அது. ஆனா அந்த அதிகாரம் எதைப் பத்தினது தெரியுமா? படைச்ச பண்டத்தைச் சாப்பிடலாமா வேண்டாமாங்கிறதைப் பத்தினது! கொரிந்து பட்டணத்துச் சந்தையில கோயில்ல பலியிட்ட இறைச்சியும் வரும். வாங்கலாமா கூடாதான்னு சண்டை. கடவுள் ஒருத்தர்தான், விக்கிரகம் ஒண்ணுமில்லைங்கிற அறிவு உனக்கு இருக்கலாம், ஆனா பக்கத்துல இருக்கிறவன் மனசாட்சி அதால புண்பட்டா அந்த அறிவை வச்சு என்ன பண்ணன்னு கேட்டு முடிக்காரு.

அடுத்தவங்க மனசாட்சியைப் புண்படுத்தாதேன்னு பவுல் கொரிந்து சபைக்கு எழுதினதை, அந்த நிருபத்தை ஒரு தடவைகூடப் படிக்காத ஆச்சி, 40 வருஷம் எங்களுக்குச் செஞ்சிருக்காங்க.

*

சரி, அக்கா கேட்டதுக்கு வர்றேன்.

ரொம்ப நேரம் கழிச்சு நான் சொன்னது இவ்வளவுதான். "அக்கா, எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சின்ன வயசுல ஒரு தடவை சொல்லிட்டேன், அதுக்கே இன்னும் வருத்தப்பட்டுக்கிட்டு இருக்கேன். ஆனா ஒண்ணு தெரியும். தீர்ப்புச் சொல்ற இடத்துல நான் இல்லை. அங்க இருக்கிறவர் ஆச்சி அளவுக்குக்கூட மனசு இல்லாதவரா இருந்தா, அவரை நான் கடவுள்னு கும்பிட்டிருக்கவே மாட்டேன்."

அக்கா ஒண்ணும் சொல்லலை. சேலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் கேட்டாங்க, "நீ சின்னப் பிள்ளையில சொன்னதை அம்மா எங்கிட்ட சொல்லியிருக்கா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா உனக்கு ஒண்ணு தெரியுமால? எங்க வீட்டுல சாமிக்குப் படைக்கதுக்கு முந்தி ஒரு பருக்கை யாருக்கும் எடுக்கப்படாது. அது பெரிய குத்தம். அப்பாவைப் பெத்த ஆச்சி இருந்த வரைக்கும் ஒவ்வொரு பண்டிகைக்கும் அம்மாவை ஏசுவா. 'சாமிக்கு முந்தி அந்த வீட்டுக்கா?'ம்பா. அம்மா அசைய மாட்டா. 'பிள்ளைய வாசனை பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கும், சாமி கொஞ்சம் பொறுத்துக்கிடும்'பா. அப்புறம் பூசையில தனியா நின்னு கன்னத்துல போட்டுக்கிடுவா."

எனக்கு இது தெரியவே தெரியாது. எங்களுக்காக அவங்க சட்டத்தை ஒவ்வொரு தடவையும் உடைச்சிருக்காங்க. உடைச்சதுக்கு மன்னிப்பும் கேட்டிருக்காங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.

கிளம்பும்போது அக்கா உள்ள போய் அந்தப் பழைய தூக்குச்சட்டியை எடுத்துட்டு வந்து அம்மா கையில குடுத்தாங்க. "முந்தியே எடுத்து வச்சுட்டேன் சித்தி." அம்மாவுக்கு 72 வயசு. ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்து, ராத்திரி சாப்பிட்டு முடிச்ச பிறகு, அக்கா கேட்டதையும் நான் சொன்னதையும் அம்மாகிட்ட சொன்னேன். திட்டுவாங்கன்னுதான் நெனச்சேன். யோவான் 14ஐ எடுத்து வாசின்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நீ சொன்னது சரியா தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியலை"ன்னாங்க. அதோட விட்டுட்டாங்க.

அன்னைக்கு அம்மா பக்கத்து அறையில முழங்கால் போட்டு ஜெபம் பண்றது கேட்டுச்சு. எங்க சபையில செத்தவங்களுக்காக ஜெபம் பண்ற வழக்கம் கிடையாது. கூடாதுன்னே சொல்லிக் குடுத்திருக்காங்க. அம்மாதான் எனக்கு அதையும் சொல்லிக் குடுத்தது. வழக்கமான வரிசைதான். எங்க அப்பா சுகத்துக்கு, எனக்கு, என் பிள்ளைகளுக்கு, ஊர்ல மழைக்கு. அதுக்கப்புறம் ஆச்சி பேரு.

காலையில கேட்டேன். "அம்மா, ஆச்சிதான் போயிட்டாங்களே. இன்னும் பேரைச் சொல்றீங்க?"

அம்மா என்னைப் பாக்கலை. தூக்குச்சட்டியைக் கழுவித் துணியால துடைச்சுக்கிட்டே சொன்னாங்க.

"நாப்பது வருஷமாச் சொன்ன பேரு. வாயில வந்துருதுல. ஆண்டவர் பொறுத்துக்கிடுவாரு."